கிராமபோன் ஹார்ன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பாட்டுப் பெட்டிகளைப் பிரித்து மாட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு என்று தெரிந்ததிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஸ்பிரிங் பற்றியும், ஊசியின் அசைவை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸ் பற்றியும் கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் ஹார்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அதிலும் பாதிப் பேர் பாலிஷ் போட்டு முடித்த பிறகு கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

மூன்று சொற்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஹார்னின் விரிந்த முனை ‘வாய்’, ஒடுங்கிய முனை ‘கழுத்து’, கழுத்தை மெஷினோடு சேர்க்கும் வளைந்த துண்டு ‘முழங்கை’.

போனோகிராப், கிராமபோன் ரெண்டும் ஒண்ணுதானே? ஹார்ன் எதுல இருந்து வந்தா என்ன?

பேச்சில் ஒன்றாகிவிட்டன. ஹார்னைப் பார்க்கும்போது மட்டும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். எடிசன் 1877இல் செய்த போனோகிராப் உருளையில் பாடுவது. எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கிராமபோன் தட்டில் பாடுவது. உருளை மெஷினின் ஹார்னுக்குக் கழுத்து மெலிதாக இருக்கும். அதை ஒரு சிறிய ரப்பர் குழாய் வழியாக ரீப்ரொடியூசரில் (உருளை மெஷினின் சவுண்ட் பாக்ஸ்) செருகி, பெரிய ஹார்னாக இருந்தால் ஒரு கம்பித் தாங்கியிலிருந்து சங்கிலியில் தொங்கவிடுவார்கள்.

தட்டு மெஷின்களில் ஆரம்பத்தில் ஹார்ன் முன்பக்கக் கையின் மேல் உட்கார்ந்து சவுண்ட் பாக்ஸோடு நேராகச் சேர்ந்திருந்தது. 1903 வாக்கில் விக்டர் கம்பெனி, சவுண்ட் பாக்ஸைத் தாங்கி ஒலியை ஹார்னுக்குக் கடத்தும் குழாய்க் கையான டோன் ஆர்மைக் கொண்டுவந்த பிறகு ஹார்ன் பின்பக்கத் தாங்கிக்குப் போய்விட்டது. முழங்கை வந்ததும் கழுத்து அகலமானதும் அப்போதுதான். அதனால் யாராவது ஹார்ன் படம் அனுப்பினால் நான் முதலில் கேட்பது கழுத்தின் விட்டத்தைத்தான். வாயின் அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஹார்ன் இல்லாம பாட்டு கேட்காதா? அது சும்மா அழகுக்குத்தானா?

கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், கொசு ரீங்காரம் மாதிரி ஏதோ கேட்கும். சவுண்ட் பாக்ஸுக்குள் இருக்கும் சின்னத் தகடு அழுத்தமாக அதிர்கிறது, ஆனால் எதிரே இருக்கும் காற்றை அதனால் சரியாகப் பிடித்துத் தள்ள முடியவில்லை. கழுத்தில் கொஞ்சம் காற்று, அப்புறம் படிப்படியாக நிறையக் காற்று என்று அந்த அதிர்வைக் கைமாற்றி விடுவதுதான் ஹார்னின் வேலை. இதில் மின்சாரம் கிடையாது, புதிதாக எந்தச் சக்தியும் சேர்வதில்லை. இருக்கும் சக்தி வீணாகாமல் வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

அளவு முக்கியமாவதும் இதனால்தான். ஒரு சுருதியைச் சுமாராக வெளியே அனுப்ப வேண்டுமானால் வாயின் சுற்றளவு அந்த ஒலியின் அலைநீளத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 250 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 1.37 மீட்டர். அதற்கு வாயின் விட்டம் 44 சென்டிமீட்டர் வேண்டும். 14 அங்குல நீளமுள்ள சின்ன ஹார்னில் பெண் குரலும் கிளாரினெட்டும் தெளிவாக வருவதும், கீழ் சுருதி காணாமல் போவதும் இந்தக் கணக்கால்தான். வாய் மட்டும் போதாது, கழுத்திலிருந்து எவ்வளவு நிதானமாக விரிகிறது என்பதும் கணக்கில் உண்டு. அதைச் சரியாகப் போட்டு வடிவமைத்தவை 1925இல் வந்த விக்டர் ஆர்த்தோபோனிக் போன்ற மெஷின்கள்தான்.

என்கிட்ட இருக்கிறது என்ன உலோகம்னே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு காந்தம் போதும். பலமாக ஒட்டினால் இரும்புத் தகடு. வெளிப்பக்க ஹார்ன்களில் பெரும்பாலானவை இதுதான், மேலே கறுப்போ வேறு நிறமோ பூசியிருப்பார்கள். ஒட்டாமல் கனமாக இருந்தால் பித்தளை. ஒட்டாமல், கையில் எடுத்தால் காகிதம் மாதிரி லேசாக, மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தால் அலுமினியம். உடல் இரும்பும் வாய் பித்தளையுமாக இரண்டும் கலந்தும் வரும். எடிசன் ஸ்டாண்டர்டு, ஹோம் மெஷின்களோடு 1907 வரை வந்த 14 அங்குலக் கறுப்பு ஹார்ன் அந்த ரகம். ஆகவே காந்தத்தை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

வெள்ளையாகப் பளபளப்பது நிக்கல் முலாமாக இருக்கலாம். நிக்கலும் காந்தத்துக்கு இணங்கும் உலோகம் என்பதால், பித்தளை மேல் நிக்கல் பூசிய ஹார்னில் காந்தம் லேசாக இழுபடும். இது பலரைக் குழப்புகிறது. இரும்பின் இழுப்பு ‘டக்’கென்று இருக்கும், இது ஒரு தயக்கத்தோடு இருக்கும். நிறத்தையும் பாருங்கள். நிக்கலில் மெலிதாக ஒரு மஞ்சள் சாயல் இருக்கும், குரோமியம் நீலம் கலந்த வெள்ளை. குரோமிய முலாம் பரவலானது 1920களின் பிற்பகுதியில்தான். 1908 ஹார்ன் என்று சொல்லப்படுவதில் குரோமியம் இருந்தால், பின்னால் யாரோ பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இது எத்தனை வருஷப் பழசுன்னு பார்த்தே சொல்ல முடியுமா?

வடிவத்தைக் கொண்டு ஒரு பத்தாண்டுக்குள் சொல்லலாம். நேர்க் கூம்பும், கொஞ்சமே விரிந்த வாயும் என்றால் பெரும்பாலும் 1890களிலிருந்து 1907 வரை. ஊமத்தம்பூப் போல இதழ் இதழாகத் தகடுகளைச் சேர்த்துச் செய்தவை அதற்குச் சற்று முன்னரே சந்தைக்கு வந்திருந்தாலும், எடிசன் கம்பெனி தன் மெஷின்களோடு கொடுக்கத் தொடங்கியது 1907இல். அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்து மெஷினுக்கு மேலே எழும்பும் ‘சிக்னட்’ 1909 வாக்கில் வந்தது. இதற்கிடையே 1906இல் விக்டர் கம்பெனியின் விக்ட்ரோலா மெஷின் ஹார்னைப் பெட்டிக்குள் மறைத்துவிட்டது. 1909இல் எடிசனின் ஆம்பரோலாவும் அதையே செய்தது. வரவேற்பறையில் பெரிய பூவை வைக்க விரும்பாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் போலிருக்கிறது, அடுத்த சில ஆண்டுகளில் வெளி ஹார்ன் பின்னுக்குப் போய்விட்டது.

சில ஹார்ன்களில் காப்புரிமைத் தேதி அச்சடித்திருக்கும். அது செய்த தேதி இல்லை. அந்தத் தேதிக்கு முன் செய்திருக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

நாய் படம் இருக்கு. அப்போ ஒரிஜினல்தானே?

இல்லை. ஹார்னுக்கு முன்னால் நாய் உட்கார்ந்து கேட்கும் அந்த ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ ஒட்டுப்படம் புதிதாகவே அச்சாகிறது, யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். படத்தின் கதையே இதற்குப் பொருத்தமானது. ஓவியர் ஃபிரான்சிஸ் பராட் முதலில் வரைந்தது உருளை போனோகிராபையும் கறுப்பு ஹார்னையும். படத்தைப் பளிச்சென்று ஆக்க ஒரு பித்தளை ஹார்னை இரவல் கேட்டு கிராமபோன் கம்பெனிக்குப் போனார். மெஷினையும் மாற்றித் தட்டு கிராமபோனாக வரைந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள், 1899இல் அப்படியே விற்றார். அசல் ஓவியத்திலேயே ஹார்ன் மாற்றப்பட்டதுதான்!

பளபளன்னு முழுக்கப் பித்தளைப் பூவா இருக்கு. போலின்னு சொல்றாங்க, எப்படி நம்புறது?

முழுப் பித்தளை என்பதால் மட்டும் போலி ஆகிவிடாது. இதழ் இல்லாமல், ஒரே சீராக விரியும் பித்தளை ஹார்ன்கள் அந்தக் காலத்தில் உண்டு. சந்தேகப்பட வேண்டியது, இதழ் இதழான பெரிய பூ முழுக்கப் பித்தளையாக, தடித்த லேக்கரோடு (பளபளப்புக்குப் பூசும் நிறமற்ற பூச்சு), எட்டுப் பக்கப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தால். அலங்காரப் பொருளாக விற்க இந்தியாவில் ஏராளமாகச் செய்யப்பட்டவை அவை. உலகமெங்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் சில உண்டு. அசல் இதழ் ஹார்னில் தகட்டு ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இறுக்கப்பட்டிருக்கும், வெளிப்பக்கம் நரம்பு மாதிரி நேராக ஓடும். போலியில் இதழ்களைப் பற்றவைத்து அரத்தால் தேய்த்த தடம் இருக்கும், இதழ்களின் அகலமும் ஒன்றுபோல் இருக்காது. அசலின் வாய் விளிம்பில் பெரும்பாலும் ஒரு கம்பியை வைத்துத் தகட்டைச் சுருட்டியிருப்பார்கள். முழங்கையைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் மணல் வார்ப்பு போலச் சொரசொரப்பாக, வெளிப்புறம் மட்டும் மெருகாக இருந்தால் யோசியுங்கள். கூட்டல் குறித் தலை ஸ்க்ரூ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பிலிப்ஸ் ஸ்க்ரூ 1930களில் வந்தது. ஸ்க்ரூ ஒன்றை யாராவது மாற்றியிருக்கலாம்தான், ஆனால் எல்லாமே அப்படி இருந்தால் விஷயம் முடிந்தது.

தேய்மானமும் பேசும். கை படும் கழுத்திலும் தாங்கி உரசும் இடத்திலும் பூச்சு போயிருந்தால் இயல்பு. கை போகாத இடத்தில் அழகாகத் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால், தேய்த்தவர் மெனக்கெட்டிருக்கிறார்.

வேற கம்பெனி ஹார்னை என் மெஷின்ல மாட்டலாமா?

கழுத்து பொருந்தினால் பாடும். ஆனால் எடையைப் பாருங்கள். முதல் கேள்வியில் சொன்ன முன்பக்கக் கை மெஷின்களில் ஹார்னே சவுண்ட் பாக்ஸோடு சேர்ந்து தட்டின் குறுக்கே நகரும், அதன் எடையில் ஒரு பங்கு ஊசியில் இறங்கும். கனமான ஹார்னை மாட்டினால் தட்டு தேயும். உருளை மெஷினிலும் இதே கதை. தாங்கி இல்லாமல் பெரிய பூவை ரீப்ரொடியூசரில் செருகினால் மெழுகு உருளை ஒரே பாட்டில் போய்விடும்.

கழுத்து பொருந்தவில்லையே என்று அறுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இடைத்துண்டு ஒன்று செய்து கொள்ளலாம். அறுத்த கழுத்து திரும்ப வளராது.

சுத்தம் பண்ண எதை வச்சுத் துடைக்கணும்?

முதலில் எதையும் வைத்துத் துடைக்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். அப்புறம் மெல்லிய தூரிகையால் உலர்ந்த தூசியைத் தட்டுங்கள். கறுப்பு ஹார்ன் என்று தூக்கிப் போட்டதில் அழுக்குக்கு அடியில் ரோஜாப்பூ ஓவியம் வெளிவந்ததை நான் பார்த்திருக்கிறேன். வாய்க்குள் பூ வரைவது அந்தக் காலத்தில் சாதாரணம்.

கறுப்புப் பூச்சு பெரும்பாலும் தார் கலந்த வார்னிஷைச் சூளையில் சுட்டு ஏற்றிய ‘ஜப்பானிங்’. கெட்டியானது, லேசான ஈரத் துணியைத் தாங்கும். ஆனால் அதன் மேல் ஓடும் பொன் கோடுகள் தாங்காது. அவை பெரும்பாலும் வெண்கலப் பொடி, மெல்லிய வார்னிஷில் ஒட்டிக்கொண்டிருப்பவை. நான் முதன்முதலில் தொட்ட ஹார்னில் ஒரு கோட்டை அப்படியே துணியோடு எடுத்துவிட்டேன். அந்தத் துணியை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால் மறைவான ஓர் இடத்தில் பஞ்சுக் குச்சியால் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்மையான சோப்பு, உள்ளங்கை அளவு இடம், உடனே உலரத் துடைப்பது. ஸ்பிரிட், தின்னர் எதுவும் கிட்ட வரக்கூடாது. அருங்காட்சியகங்களில் ஓவியம் சுத்தம் செய்பவர்கள் பஞ்சில் எச்சில் தொட்டுத் துடைப்பதுண்டு. சிரிக்க வேண்டாம், மெதுவாக அழுக்கைக் கரைப்பதில் அது கெட்டிக்காரத் திரவம்.

பித்தளை வாயை மட்டும் பளபளன்னு பாலிஷ் போடலாம்ல?

போடலாம். ஒரு முறை, லேசாக. சுழல் அச்சில் அழுத்தி உருவாக்கிய அந்தத் தகடு மெலிது. ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் பித்தளையைக் கொண்டுபோகும். மெஷின் பஃபிங்கில் கொடுத்தால் விளிம்பின் மடிப்பு முதலில் தேயும். எலுமிச்சைச் சாறு மாதிரி அமிலங்கள் துத்தநாகத்தைத் தின்றுவிட்டு மேற்பரப்பில் செம்பை விட்டுப் போகும், இளஞ்சிவப்புத் திட்டுகள் அதனால்தான் வருகின்றன.

எல்லாவற்றையும் விட அஞ்ச வேண்டியது அம்மோனியா. கடையில் கிடைக்கும் பித்தளைப் பாலிஷ் பலவற்றில் அது உண்டு, மூக்கைத் துளைக்கும் நெடியே அடையாளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படை இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும், உறையை இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும்தான் காரணம் என்பது 1921இல் விளங்கியது. ஹார்னின் வாயும் அதே மாதிரி இறுக்கத்தோடு உருவான பித்தளை. பாலிஷ் போட்டவுடன் அழகாக இருக்கும், விரிசல் பிறகுதான் எட்டிப் பார்க்கும்.

விளிம்புல விரிசல் விட்டிருக்கு. பெருசாகிட்டே போகுமா?

போகும். விரிசல் முடியும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் சின்னத் துளை போட்டால் நின்றுவிடும். விரிசல் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்று நீளமாக இருக்கும் என்பதால், உருப்பெருக்கியில் பார்த்து உண்மையான முனையைக் கண்டுபிடித்துப் போட வேண்டும். பிறகு வெளிப்பக்கம் மெல்லிய பித்தளைப் பட்டையை வைத்து ஈயப்பற்று வைக்கலாம். பற்று ஒட்டுவதற்காகத் தடவும் ஃபிளக்ஸை நன்றாகக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் பச்சை பூத்துவிடும். கேஸ் வெல்டிங், பிரேஸிங் வேண்டாம். அந்தச் சூட்டில் பித்தளை மெழுகு மாதிரி இளகிப்போகும், பக்கத்திலுள்ள பூச்சும் கருகும்.

நசுங்கின இடத்தை நானே தட்டி நிமிர்த்தலாமா?

சின்ன நசுங்கல் என்றால் முடியும். சுத்தியலைத் தூர வைத்துவிடுங்கள். ஹார்னின் வளைவுக்கு ஏற்றபடி செதுக்கிய மரக்கட்டையை ஒரு பக்கம் தாங்கல் கொடுத்து, மறுபக்கம் விரலால் அழுத்தி, பிறகு மென்மையான உருளையால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். கடைசி வரை வராத இடத்துக்கு மட்டும் கொட்டாப்புளி, அதுவும் தோல் சுற்றியது. அடிக்க அடிக்கத் தகடு விரியும், விரிந்த தகட்டுக்குப் போக இடம் இருக்காது. பள்ளமாக இருந்தது மேடாகும், அதைத் தட்டினால் இன்னொரு மேடு. கார் டிங்கரிங் கைப்பழக்கம் இதற்கு உதவாது, அதில் பட்டி வைத்து மறைத்துவிடலாம்.

பெயிண்ட் அடித்த ஹார்னில் நசுங்கலை எடுத்தால் அந்த இடத்துப் பூச்சு பெரும்பாலும் உதிரும். உள்ளே பூ ஓவியம் இருந்தால் நான் நசுங்கலை அப்படியே விட்டுவிடுவேன். ஒலியில் வித்தியாசம் காது கேட்கும் அளவுக்கு இருக்காது.

துரு பிடிச்சிருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுடட்டுமா?

பூச்சு இருக்கும் இடத்தில் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பது இன்னொரு காரணம். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். பூச்சு முழுக்கப் போய் வெறும் இரும்பு தெரியும் இடத்தில் மட்டும், எண்ணெய் தொட்ட மிக மெல்லிய கம்பிப் பஞ்சால் மெதுவாக எடுங்கள். நிக்கல் முலாமில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் எண்ணெயை ஊறவிட்டுத் துணியால் துடைத்துவிட்டு அதோடு நிறுத்துவதே நல்லது. கடைசியில் மெழுகுப் பூச்சு. அலுமினிய ஹார்னில் துரு வராது, ஆனால் சோடா கலந்த கரைசல் எதுவும் அதைத் தொடக்கூடாது, அரித்துவிடும்.

பேசாம புதுசா பெயிண்ட் அடிச்சுடறேனே? பவுடர் கோட்டிங் கொடுத்தா நிக்கும்னு சொல்றாங்க.

பவுடர் கோட்டிங் அடுப்பு பொதுவாக 180லிருந்து 200 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்று உருகத் தொடங்குவது 183 டிகிரியில். ஹார்ன் உள்ளே முழுசாகப் போய், உதிரியாக வெளியே வரும். இந்த ஒரு காரணம் போதும்.

சாதாரண பெயிண்ட் என்றால், அசல் பூச்சு எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தது. பாதிக்கு மேல் இருந்தால் நான் தொடமாட்டேன், மெழுகு மட்டும்தான். சேகரிப்பவர்களும் தேய்ந்துபோன அசல் பூச்சைத்தான் மதிக்கிறார்கள். முன்னால் யாரோ வீட்டுப் பெயிண்டை அப்பி வைத்திருந்தாலோ, வெறும் துருவாக இருந்தாலோ தாராளமாக அடியுங்கள். அப்போதும் கழுத்தின் மறைவில் ஒரு விரல்கடை அசலை விட்டுவையுங்கள், என்ன நிறமாக இருந்தது என்று அடுத்தவருக்குத் தெரியட்டும். விற்கும்போது புதுப் பூச்சு என்று சொல்லிவிட வேண்டும்.

என்னோடது மரம். இன்னொருத்தர் காகித ஹார்ன்னு ஒண்ணு காட்டினார். அதுக்கெல்லாம் என்ன செய்யறது?

மரத்தில் புகழ்பெற்றது ‘மியூசிக் மாஸ்டர்’, பிலடெல்பியாவில் செய்தார்கள், எடிசனின் சிக்னட் வடிவத்திலும் வந்தது. மெல்லிய மரப் பட்டைகளை ஒட்டிச் செய்தவை. தண்ணீர் பட்டால் பழைய வச்சிரப் பசை விட்டுவிடும். விட்ட இணைப்பை அதே வச்சிரத்தால் ஒட்டுங்கள், எபாக்சி வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. மேற்பூச்சு அரக்கு வார்னிஷாக இருக்கலாம், ஸ்பிரிட் பட்டால் கரையும்.

காகிதக் கூழ் ஹார்ன்கள் லண்டனின் ஈ.எம்.ஜி. கம்பெனி மெஷின்களில் பிரபலம், ஆள் உள்ளே உட்காரலாம் போன்ற வாய். கிழிசலுக்கு மெல்லிய நார்க்காகிதமும் கோதுமை மாவுப் பசையும் போதும். வெயிலிலும் ஹீட்டர் பக்கத்திலும் வைக்காதீர்கள், தொய்ந்துவிடும்.

பாடும்போது கரகரன்னு அதிருது. ஹார்ன் போயிடுச்சா?

அநேகமாக இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே விரலால் ஹார்னை இடம் இடமாகத் தொட்டுப் பாருங்கள், எங்கே தொட்டால் நிற்கிறதோ அங்கே குற்றவாளி. விளிம்புக்குள் இருக்கும் கம்பி தளர்ந்திருக்கும், அல்லது இதழ் மடிப்பு ஒன்று வாய் திறந்திருக்கும். மடிப்பில் தேன்மெழுகை உருக்கி ஓடவிட்டால் போதும், வேண்டாம் என்றால் எடுத்தும் விடலாம். எங்கே தொட்டும் நிற்கவில்லை என்றால் கோளாறு சவுண்ட் பாக்ஸில், அங்குள்ள ரப்பர் வளையங்கள் கல்லாகியிருக்கும்.

ஒலி அதிராமல் வெறுமனே மெலிந்து கேட்டால் காற்றுக் கசிவு. உருளை மெஷினில் ரப்பர் குழாயை மாற்றுங்கள். தட்டு மெஷினில் முழங்கையும் கழுத்தும் சேரும் இடத்தில் மெல்லிய ரப்பரோ தோலோ வைத்துப் பாருங்கள். கழுத்துக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். குளவிக்கூடு இருந்த ஹார்ன் ஒன்றை எனக்குத் தெரியும், அதைக் கண்டுபிடிப்பதற்குள் உரிமையாளர் மூன்று சவுண்ட் பாக்ஸ் மாற்றியிருந்தார்.

பாடாதப்போ எப்படி வைக்கிறது?

கழற்றி, மெத்தென்ற துணி விரித்த சமதளத்தில் வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். பக்கவாட்டில் படுக்க வைத்தால் தன் எடையிலேயே விளிம்பு கோணும். பிளாஸ்டிக் பையில் மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணி போதும். தூக்கும்போது எப்போதும் உடலைப் பிடித்துத் தூக்குங்கள், விளிம்பைப் பிடிக்காதீர்கள்.